வியூகத்துக்கு வேறு சொல்

மணிக்கு நாற்பது வெள்ளிக்கு
மொழிபெயர்க்க வந்தவள் நான்.
உட்லண்ட்ஸ் சமூக மன்றம், மூன்றாம் மாடி,
எலும்பைத் தொடும் குளிர்.
சுவரில் பதாகை:
வட்டாரக் கலை, பண்பாட்டு வியூகம்.
என் சொல்தான். போன வாரம் நான் போட்டது.
பெரிய எழுத்தில் பார்க்கையில்
யாரோ யார்மீதோ படையெடுக்கப்போவது போலிருந்தது.

"வியூகம்னா உள்ளே போகத் தெரியும்,
வெளியே வரத் தெரியுமா?"
பேருந்து ஓட்டும் தணிகாசலம்,
கறி பஃபை இரண்டாய்ப் பிட்டபடி.
ஜோலின் என்னைப் பார்த்தாள்.
காலக்கெடு கேட்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

மஞ்சள் ஒட்டுத்தாள், ஆளுக்கு மூன்று.
உங்கள் வட்டாரத்தில் கலை எங்கே இருக்கிறது?
எழுதி வரைபடத்தில் ஒட்டுங்கள்.
நூலகம் என்றார்கள். சுவரோவியம் என்றார்கள்.
ஒருவர் மட்டும் மின்தூக்கி என்று எழுதியிருந்தார்,
ஏனென்று கேட்க நேரமில்லை.
திருமதி கோ எழுதவில்லை. எழுந்து பாடினார்,
தியோச்சியூவில் நாலு வரி.
அதை எந்தத் தாளில் ஒட்டுவது?
ஜோலின் பேனாவைக் கடித்தாள்.

பிறகு லோகேந்திரன். உறுமி மேளக் குழு.
ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவன்,
இன்றைக்குத் தமிழில்தான் பேசுவேன் என்றான்.
கார் நிறுத்துமிடத்து மொட்டைமாடியில்
ஞாயிறு ஐந்து மணிக்குப் பயிற்சி.
ஐந்தரைக்குப் போலீஸ்.
"நாலு தடவை வந்துட்டாங்க. மரியாதையாத்தான் சொல்றாங்க.
ஃபோன் பண்றது யாருன்னு தெரிஞ்சா
ஒரு வார்த்தை பேசலாம்."
'பேசலாம்' என்பதை மட்டும்
பஞ்சில் சுற்றி மொழிபெயர்த்தேன்.

"நான்தான்."
பின்வரிசை. ரோஹாயா. பதினோராம் மாடி.
தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு வேலை.
"உங்கள் மேளத்தில் ஒன்று
தோலைத் தேய்த்து முனகுமே,
அது எங்கள் வார்டில் ஒருவர்
மூச்சுக்குத் திணறுவது போலவே இருக்கும்.
தூக்கத்தில் எழுந்து செருப்பைத் தேடுவேன்."

அதைத் தமிழில் சொல்லும்போது
என் குரல் இறங்கிவிட்டது.
லோகேந்திரன் கடுக்கனைத் திருகிக்கொண்டிருந்தான்.
தன் கருவி மூச்சுவிடுகிறது என்று
அவனிடம் யாரும் சொன்னதில்லை.

"எப்போது தூங்குவீர்கள்?"
நேராக, ஆங்கிலத்திலேயே கேட்டான்.
கைப்பேசியில் வேலை அட்டவணையைக் காட்டினாள்.
நீலம் இரவு. பச்சை ஓய்வு.
மாதாமாதம் மாறும் என்றாள்.
மாறினால் அனுப்புங்கள் என்றான்.
என் சேவை தேவைப்படவில்லை.
அந்த நிமிடங்களுக்கும் சேர்த்தே பணம் வந்தது.

பங்கேற்பு என்பதும் நான் போட்ட சொல்.
தணிகாசலம் அதைப் 'பங்கு கேட்பு' என்று வாசித்தார்.
திருத்தவில்லை.

அறிக்கை வந்தது. நாற்பத்தாறு பக்கம், ஐந்து தூண்கள்.
மின்தூக்கி இல்லை.
திருமதி கோவின் நாலு வரி
'மூத்தோரிடையே ஆர்வம் காணப்பட்டது' ஆகியிருந்தது.
அவர்கள் இருவரும் முப்பத்தொன்றாம் பக்கத்தில்,
'ஒலி தொடர்பான கருத்துகள்'.
தமிழ்ப் பதிப்பு என் கைவண்ணம்,
யாரையும் குறை சொல்வதற்கில்லை.

நேற்று செவ்வாய். பச்சை.
மொட்டைமாடிக்குப் போனேன்.
உறுமிப் பையின் உள்மடிப்பில்
அந்த அட்டவணை, பிளாஸ்டிக் உறையில்,
அடித்தல் மேல் திருத்தம், திருத்தம் மேல் அடித்தல்.
எதிர் புளோக்கில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.
அவளுடையதா என்று
கீழிருந்து மாடிகளை எண்ணினேன்.
ஏழோ எட்டோ,
உறுமி தொடங்கிவிட்டது,
எண்ணிக்கை விட்டுப்போனது.