இரண்டு மதிப்பெண்

டிசம்பர். டர்பனில் காற்றுக்கே வியர்க்கிறது.
(காற்றுக்கு உடம்பு கொடுத்தால் அதற்கொரு பெயருண்டு.
பெயரைச் சொன்னால் ஒன்று, ஏன் என்று சொன்னால் இன்னொன்று.)

இசிபிங்கோவில் ஒரு பள்ளி மண்டபம்.
எண்பது மேசை, சிவப்புப் பேனா, ஆறிப்போன ரூய்போஸ் தேநீர்.
என் பங்குக்கு முந்நூற்று நாற்பது ஆங்கில விடைத்தாள்.
ஏழாம் கேள்வி மட்டும் என்னுடையது:

"ஆயிரம் இரவுகள் இருமினாள் அம்மா."
இவ்வரியில் பயின்றுள்ள அணி எது? விளக்குக.

விடைக்குறிப்பு சொல்கிறது: உயர்வு நவிற்சி. ஒன்று.
துன்பத்தின் அளவை மிகைப்படுத்திக் காட்டுகிறது. ஒன்று.

ஒருவன் உவமை என்கிறான்.
'போல'வைத் தேடினேன், கிடைக்கவில்லை.
ஒருத்தி மோனை என்கிறாள்.
தமிழில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்,
ஆயிரத்துக்கும் அம்மாவுக்கும் முதலெழுத்தில் சொந்தம்.
ஆங்கிலத்தில் இரண்டும் அந்நியர்.
இன்னொருவன் இருமல் மருந்தின் பெயரை எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறான்.
அதைப் பக்கத்து மேசை தாண்டெக்காவிடம் காட்டினேன்.
சிரித்து அவளுக்குப் புரையேறியது.

இருநூற்றுப் பதினோராவது தாள்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
நீல மை, அவசரமில்லாத கையெழுத்து.

"இந்த வரியில் அணி எதுவும் இல்லை.
நான் மெர்பேங்க்.
எங்கள் தெரு முடிகிற இடத்தில்
பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை தொடங்குகிறது.
பதினைந்து வயதிலிருந்து எண்ணுகிறேன்,
கோவில் காலண்டரில் பென்சில் கோடு போட்டு.
நேற்றோடு ஆயிரத்து நாற்பத்தாறு.
கவிஞர் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்."

பேனாவை மூடினேன். திறந்தேன்.

போன வருடம் வகுப்பில்
அந்த ஆலை வீடுவீடாய்ப் போட்ட கடிதத்தைப்
பலகையில் எழுதி வைத்தேன்:
'லேசான மணம் உணரப்படலாம்.
தற்காலிக அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.'
நயமாக மறைத்துச் சொல்லல், என்றார்கள் பிள்ளைகள்.
சரி, சபாஷ், என்றேன்.
மணி அடித்தது.
அடுத்தது கணக்கு வகுப்பு, பலகையை அழித்துவிட்டேன்.

இந்த மண்டபத்திலிருந்து ஓவர்போர்ட் வீட்டுக்குப் போகும்போது
மெர்பேங்க் திருப்பத்தில் தினமும் கார்க் கண்ணாடியை ஏற்றுகிறேன்.
கை தானாகப் போகிறது.
அதற்கு எந்த இலக்கணத்திலும் பெயர் தேடியதில்லை.

தாளை எடுத்துக்கொண்டு
முதன்மை மதிப்பீட்டாளர் படையாச்சியிடம் போனேன்.
படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித்
துடைத்தார், அழுக்கே இல்லாததை, வெகுநேரம்.
"என் வீடும் அந்தத் தெருவுக்குப் பின்னால்தான்," என்றார்.
பிறகு, "ஆனால் குறிப்பில் இது இல்லையே, மிஸஸ் மூட்லி."
பெயர் தவறினால் விளக்கத்துக்கும் சுழி. விதி.

விதியை அவர் எனக்குச் சொன்னாரா
தனக்குச் சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.
கேள்வியாகத் தோன்றுவதெல்லாம்
பதிலை எதிர்பார்ப்பதில்லை
என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம்.

மேசைக்குத் திரும்பினேன்.
மிகைப்படுத்தல் என்றால் என்ன?
உள்ளதைவிடக் கூட்டிச் சொல்வது.
உள்ளது எவ்வளவு என்று
கேள்வி தயாரித்தவர்களுக்கு யார் சொன்னது?
கூட்டியது போலத் தெரிந்ததில் நாற்பத்தாறு குறைகிறதே.
குறைத்துச் சொல்வதும் அணிதான்.
அந்தப் பிள்ளை அணி இல்லை என்று தொடங்கி,
தன்னை அறியாமல்
இன்னொரு அணியைச் சரியாகத் தொட்டுவிட்டது.

ஒன்று போட்டேன்.
பக்கத்தில் என் கையொப்பம்.
காரணம் எழுத அரை அங்குல ஓரம் இருந்தது.
'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதினேன்.
என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே
மிகக் குறைத்துச் சொன்ன வாக்கியம் அது.

இருநூற்றுப் பன்னிரண்டு.
உயர்வு நவிற்சி. துன்பத்தை மிகைப்படுத்துகிறது.
எழுத்துப் பிழைகூட இல்லை.
இரண்டு.