இரண்டாம் உருட்டு

கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில்தான்
அது இருக்கிறது.
சாக்குத் தைக்கும் கோணூசியைக்
குதிகாலுக்குள் யாரோ நட்டுவைத்த மாதிரி.
பீலிக்குப் போய்ச் சேர்வதற்குள் சற்றே இளகும்.
இளகினால் மறந்துவிடுவேன்.
மறந்து மறந்தே எட்டு மாதம் போனது.

ஃபெக்டரியில் எனக்குச் சல்லடைப் பக்கம்.
ஒன்பது மணித்தியாலம் சீமெந்துத் தரை.
காலில் ஹட்டன் நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய செருப்பு;
குதிப்பக்கம் தேய்ந்து வெற்றிலையாகிவிட்டது.
தரையின் குளிர்
அதைக் கேட்காமலே ஏறி வரும்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் அறுபத்தோராம் நம்பர்.
வாங்கில் இருந்தபடி கால்களைப் பார்த்தேன்.
முகங்களை அப்புறம்தான் பார்த்தேன்.
மலையில் சறுக்கிய ஒருத்தியின் கணுக்கால்
பொங்கிய மாவு போல.
காவல்காரர் பவுன்ராசுவின் பெருவிரல்
மற்ற விரல்கள் மேல் சாய்ந்து கிடந்தது.
இருபது வருசமாக
யாருடைய அளவுக்கோ தைத்த பூட்ஸ்.

டொக்டர் சின்னப் பெண். காலிப் பக்கமாம்.
ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் அழுத்தி வைத்துப் பேசினாள்;
அதே அழுத்தத்தில் குதிகாலிலும் பெருவிரலை வைத்தாள்.
என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.
"ஆ, இங்கதான்" என்று சிரித்தாள்.

துண்டின் பின்பக்கம் ஒரு பாதம் வரைந்தாள்,
குதியிலிருந்து விரல் வரைக்கும் ஒரு பட்டி.
இரவு முழுக்கச் சுருங்கிக் கிடக்கும்,
விடிந்ததும் வெடுக்கென்று இழுத்தால் நோகும்.
எங்கள் ரோலர் பெல்ட் இறுகினால்
மெஷினை நிறுத்திவிட்டுத்தான் தொடுவார்கள்.

எழும்புமுன் துவாயை விரலில் மாட்டி இழு.
சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டு.
தடித்த அடியுள்ள செருப்பு போடு, காம்பராவுக்குள்ளும்.
பொறுமை வேணும், மாசக்கணக்கில் போகும்.
ஓய்வு எடு.
கடைசிச் சொல்லுக்கு நானும் சிரித்தேன்.

"மரத்துப் போகுதா?"
இல்லை, வலிக்குது.
"அப்ப நல்லது."
நல்லதா என்று கேட்க வாயெடுத்தேன்.
அடுத்த கதிரையில் ஆரோக்கியசாமி, சீனி வருத்தம்.
சனிக்கிழமை ஏறிய ஆணி
புதன்கிழமை மேஸில் இரத்தம் கண்ட மகளுக்குத்தான் தெரிந்தது.
அவருக்கு இன்னும் தெரியவில்லை.
தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள் என்றார்கள்.
"மூஞ்சியப் பாக்கவே நேரமில்ல" என்றார்,
ஆனால் சிரிக்கவில்லை.

வேலைக்குப் போய் இரண்டு சாக்கை மடித்துக்
காலடியில் போட்டேன்.
டீமேக்கர் வந்தார்: தூசு, சுத்தம், சட்டம். எடு.
எடுத்தேன்.
மறுநாள் மெக்கானிக் பெனடிக்ட்
கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டில் ஒரு முழம் வெட்டி,
கழுவி, ஒன்றும் பேசாமல் விரித்துவிட்டுப் போனார்.
இப்போது ஒன்பது பேர்
தங்களுக்கும் முழம் கேட்கிறார்கள்.
பெல்ட் தீர்ந்துவிட்டது.
டீமேக்கர் இன்னும் அதைக் காணாதது போல நடக்கிறார்.

ஜெமீல் நானா கடையில்
ஐஸ் பக்கெட்டுகளுக்கு நடுவே என் போத்தலும் உறைகிறது.
துணியைச் சுற்றித் தரையில் படுக்கவைத்து
அதன் மேல் பாதத்தை வைத்துப்
பத்து நிமிடம், முன்னும் பின்னும்.
இலைக்கு ஒரு ஷிஃப்டில் எத்தனை உருட்டு!
முதல் உருட்டில் வெறும் சாறு,
இரண்டாவதில்தான் அது சுருண்டு கொடுக்கும்.
எனக்கு இது இரண்டாம் மாசம்.
இன்று கோணூசி இல்லை.
தையல் ஊசி.

நேற்று உருட்டி முடித்து
போத்தலை மேசையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள்
பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னவன்
மூடியைத் திருகி மடமடவென்று குடித்தான்.
"அம்மா, செம்ம குளிர்" என்றான்.
ஆமாடா என்றேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.