சீட்டில் பெயர் எழுதாத குழாய்

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு புதன்கிழமை ராத்திரி
அம்பாசமுத்திரம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
லேப் ஷட்டரை இறக்கப் போகையில் பார்த்தேன்:
போர்டு லைட்டுக்குக் கீழே
ஈசல் உதிர்த்த சிறகுகளை மிதித்துக்கொண்டு
கறுப்பாக ஒன்று நடந்துபோனது.

எறும்புதான்.
எறும்பென்றால் வரிசை எங்கே, வாயில் இரை எங்கே?
யாருக்கும் தகவல் சொல்லாமல்
சுவரோரம் ஒவ்வொரு விரிசலிலும் தலைவிட்டுப் பார்த்து
வாடகைக்கு வீடு தேடுகிறவள் மாதிரி.
இல்லை, அவசரப்படக் கூடாது. இன்னும் 'அது'தான்.

கையில் சிவப்பு மூடிக் குழாய் ஒன்று.
வாயைத் தரையில் சாய்த்தேன்,
விரிசலென்று நினைத்து நுழைந்தது.
பஞ்சு அடைத்தேன்.

மறுநாள் காலை
வெறும்வயிற்றுக்காரர்கள் வருமுன்
நாலு நிமிடம் ஐஸில் வைத்து
கால்கள் மந்தித்ததும் லென்சுக்கு அடியில்.
இடுப்பில் ஒரு முடிச்சு. இரண்டென்றால் வேறு குலம்.
பின்னால் கொடுக்கு இல்லை;
மயிர் வட்டமிட்ட ஒரு துளை, அமிலம் பீய்ச்ச.
உணர்கொம்பில் பன்னிரண்டு கணு.
முதலில் பதினொன்று வந்தது, அப்புறம் பன்னிரண்டு,
மறுபடி பன்னிரண்டு.
ஓட்டெடுத்து முடிவு செய்தேன்.

கட்டெறும்பு ஜாதி. அதுவரை சரி.
அதிலும் பெருந்தலை வேலைக்காரிகள் உண்டு,
ராணி போல் நின்று ஏமாற்றுவார்கள்.
முதுகுக்கு நகர்த்தினேன்.
மூட்டை சுமப்பவன் தோள் போல்
பறப்பதற்கு வைத்த சதையின் மேடு.
இரண்டு பக்கமும்
சிறகு கழன்ற தழும்பு,
பொத்தான் அறுந்த இடத்தில் நிற்கும் நூல்.
நெற்றியில் மூன்று சின்னக் கண்,
ஒரே ஒரு நாள் வானத்துக்கு.

அவள்.

சீட்டில் மூன்று கட்டம்: பெயர், வயது, பாலினம்.
'பெண்' என்று மட்டும் எழுதி ஒட்டினேன்.
கட்டெறும்பில் எந்த வகை? காலின் நிறம் என்ன?
எங்கள் டியூப் லைட்டில் எல்லாமே பழுப்பு.
இன்னொன்றும் தெரியவில்லை,
மேலே போனவள் யாரையும் சந்தித்தாளா
சும்மா இறங்கிவிட்டாளா.
அதற்கு ஸ்ட்ரிப் கிடையாது.

சிங்கம்பட்டி சண்முகவடிவு
நாலாவது மாதமாக ஸ்ட்ரிப்புக்கு வருகிறாள்.
அன்றும் ஒரு கோடுதான்.
கவரை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துவிட்டு
ராக்கைப் பார்த்துக் கேட்டாள்:
"இது யாரு ரத்தம்க்கா? கறுத்துப்போயி கெடக்கு."
"ரத்தமில்ல, எறும்பு."
"எறும்புக்குமா டெஸ்டு!"
அழப்போன முகம் சிரித்துவிட்டது.
"பேரு போடலியே?"
"தெரியல."
"தெரிஞ்சா சொல்லுங்க, என்ன?"

மேசை டிராயரின் இருட்டில்
ஆறாம் நாள் முட்டை. ஏழு. நொய்யரிசியில் பாதி.
அதையும் நம்ப முடியாது,
யாரையும் சந்திக்காதவளும் முட்டை இடுவாள்,
பொரிந்தால் ஆண்தான் வரும்.
ஈரப் பஞ்சைத் தவிர நான் எதுவும் தரவில்லை.
பறந்த சதையைக் கரைத்தே ஊட்டினாள்.
புழுக்கள் பழுப்புக் கூட்டுக்குள் போயின.

சொக்கப்பனை கொளுத்திய மறுநாள்
ஒரு கூடு கிழிந்து
வெளுப்பாக ஒன்று தள்ளாடி வந்தது.
சிறகு இல்லை. மகள்.
இரண்டு நாளில் உடம்பு கறுத்தது,
கால் மட்டும் சிவப்பாகவே நின்றுவிட்டது.
அந்தக் காலை வைத்துத்தான்
தாய்க்குப் பெயர் கிடைத்தது.
பென்சிலால் எழுதினேன்.

சொல்கிறேன் என்றிருந்தேன் அல்லவா.
ரிஜிஸ்டரைப் புரட்டி நம்பரை எடுத்தேன்.
இந்த மாதம் அவள் வரவில்லை.
ஏன் வரவில்லை என்று இரண்டு விதமாகவும் நினைக்கலாம்.
எட்டு இலக்கம் அழுத்திய பிறகுதான் உறைத்தது:
லேபிலிருந்து போன் என்றால்
அவள் எதைக் கேட்கத் தயாராவாள்?

வைத்துவிட்டேன்.
குழாயில் இப்போது மூன்று சிவப்புக்கால்கள்
பஞ்சை இழுத்துப் பார்க்கிறார்கள்.