அறுபது ஓரே பாக்கி

பெட்டி பதினேழு. ஓர்ம்ஸ்ட்ராண்ட் ஊராட்சி.
1838 முதல் 1963 டிசம்பர் முப்பத்தொன்று வரை.
மீனெண்ணெய் வாடை இன்னும் விடாத தீர்மானப் புத்தகங்கள்.
கையுறை மாட்டிக்கொண்டு இவற்றைப் புரட்டுவதற்கு
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

முதலில் நிலம்.
குறிஞ்சியின் காலை நெய்தல் நேரே வந்து கழுவும் இடம்.
நடுவில் மருதத்துக்கு மிஞ்சியது பாய் விரிக்கும் அகலம்;
அதற்குள் வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, கல்லறைகள்.
ஃபியோர்டின் ஆழத்தை அளக்க வந்தவன்
கயிறு தீர்ந்துபோய்
‘இன்னும் இருக்கிறது’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போனான்.

வடக்கே வெயிற்கரை, தெற்கே நிழற்கரை.
நவம்பர் ஒன்பதாம் தேதி மலை விழுங்கும் சூரியனை
பிப்ரவரி பிறந்த பிறகுதான் துப்பும்.
1872-இல் நிழற்கரையிலிருந்து ஒரு மனு:
எங்களுக்கு வராத வெயிலுக்கு நாங்கள் ஏன் வரி கட்டுவது?
நான்கு கூட்டம் பேசினார்கள்.
பன்னிரண்டில் ஒரு பங்கு தள்ளுபடி ஆயிற்று.
வெயிற்கரை சியூர் ஹௌகோஸ் எழுந்து,
“பனிச்சரிவு எங்கள் பக்கம்தானே விழுகிறது,
அதற்கும் ஒரு பங்கு கழியுங்கள்” என்றார்.
(சிரிப்பு) என்று குறித்திருக்கிறார் எழுத்தர்.

ஏழு பக்கம் தள்ளி, மறு மார்ச்.
ஹௌகோஸ் பண்ணை. ஐந்து பேர். பதினொரு ஆடு.
அந்தப் பக்கத்தில் கையெழுத்து மாறியிருக்கிறது.
வேறு ஆளா,
அதே ஆளின் நடுங்கும் கையா,
தெரியவில்லை.

ஆண்டுதோறும் இரண்டு வாரம்
நீரின் மேல் பனிக்கட்டி படியும்:
நடக்க மெலிது, துடுப்புக்குத் தடிது.
அந்நாட்களில் ஊராட்சி என்று ஒன்று இல்லை,
இரண்டு கரைகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி.
1904-இல் அப்படியொரு வாரத்தில்
நிழற்கரையில் ஒருத்திக்கு வலி கண்டது.
மருத்துவச்சி யூருன் போனார்:
ஒரு கால் படகுக்குள், ஒரு கால் பனிமேல்,
உந்தி உந்தி மூன்று மணி நேரம்.
குழந்தை பிழைத்தது.
நனைந்து நாசமான பூட்சுக்கு அவர் பணம் கேட்டார்.
தீர்மானம்: வலது பூட்சுக்கு மட்டும் வழங்கலாம்.

பிறகு தலைநகரில் ஒரு குழு, ஒரு மேசை, ஓர் அளவுகோல்.
கோடு தண்ணீரின் நட்ட நடுவே விழுந்தது.
வடகரை ஓர் ஊரோடு, தென்கரை இன்னோர் ஊரோடு.
நூற்று இருபத்தைந்து ஆண்டு
அவர்கள் சண்டை போட்டதும் சவம் கடத்தியதும்
அந்தத் தண்ணீரின் மேல்தான் என்பதால்
ஊரே அதுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.
கடைசிக் கூட்டத்தில் கையிருப்பு இருநூற்றுப் பன்னிரண்டு குரோனர்.
காப்பி, கேக், படகுத்துறைக்கு ஒரு விளக்கு.
எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது.
பதில் வந்ததாகக் குறிப்பு இல்லை.
இப்போது அடியில் சுரங்கச்சாலை; நாலு நிமிடம்,
வானொலி மட்டும் கொஞ்சம் கரகரக்கும்.

போன செவ்வாய்க்கிழமை முகப்பில் ஒரு பெண்மணி.
போர்கில்ட் ட்வைட்னெஸ், வயது எண்பத்தாறு.
அப்பா மோன்ஸ், நிழற்கரைப் படகோட்டி,
துடுப்பு வாங்க 1931-இல் முன்பணம் பெற்றவர்.
மூன்று குரோனர் நாற்பது ஓரே.
“சாகும்போதும் அதைத்தான் சொன்னார். வாங்கிக்கொள்ளுங்கள்.”

புத்தகத்தில் பார்த்தேன், நிலுவை இருந்தது.
எந்தக் கரையின் கணக்கில் வரவு வைப்பது?
மேலாளரைக் கேட்டேன். மேலாளர் கணினியைக் கேட்டார்.
கணினிக்கு அப்படி ஓர் ஊரே தெரியாது.
ஓரே நாணயமும் செல்லாமல் போய்விட்டது.

அவர் நான்கு குரோனரை வரிசையாக வைத்தார்.
“மீதி அறுபது ஓரே தர வேண்டும் நீங்கள்” என்றார்,
சிரிக்காமல்.
குடையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார்.

இப்போது கடன் எங்கள் பக்கம்.
1963-க்குப் பிறகும் பத்துப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.
விதிப்படி அதில் எழுதக் கூடாது.
பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.