உள்பக்கத் தாழ்ப்பாள்

நிதி அலுவலர் அவர்களுக்கு,
நீங்கள் கேட்ட விளக்கம் இது.
ரசீது எண் பதினேழு: தாழ்ப்பாள், பன்னிரண்டு.
"அறைகள் ஆறுதானே?" என்று
சிவப்பில் வட்டமிட்டிருக்கிறீர்கள்.

கணக்கு சரிதான்.
எழுதுகிறவள் நான், நியாகும்வெண்டா.
சங்கத்தில் எட்டாம் வகுப்பு முடித்தவள் ஒருத்திதான்,
அதனால் பேனா என்னிடம்.
பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு,
மூன்று சாவியும் மூன்று வீட்டில்.
மூன்று பேரும் ஒரே நாளில்
சண்டையில்லாமல் இருந்தால் பெட்டி திறக்கும்.
ரசீதுகளும் அதற்குள்தான்.
மலாவியில் இப்போது மழை வேறு.
பதிலுக்கு இரண்டு வாரம் ஆனது அப்படித்தான்.

முதலில் பள்ளிக்கூடத்தைச் சொல்ல வேண்டும்.
எங்கள் குன்றிலிருந்து பதினான்கு கிலோமீட்டர்.
நடந்து போய் நடந்து திரும்பினால்
பாடத்துக்கு மிஞ்சுவது தூக்கம்.
ஆகவே பிள்ளைகள் சந்தைக்கடியில்
வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினார்கள்.
ஒரு பை சோளமாவு, ஒரு பாய், ஒரு வாளி.
அந்த அறைகளுக்கு வெளிப்பக்கம் பூட்டு உண்டு,
சாவி வீட்டுக்காரனிடம்.
உள்பக்கம் ஒன்றுமில்லை.
டெம்வனானி வாளி நிறையத் தண்ணீர் பிடித்து
கதவுக்கு முட்டுக் கொடுத்துப் படுப்பாள்.

ஓர் இரவு
வாளி தரையில் நகரும் ஓசை கேட்டது.

அவள் ஊர் வந்து சேர்ந்தபோது விடியவில்லை.
காலில் செருப்பில்லை.
அதற்குப் பிறகு
புத்தகத்தைத் தொடவே இல்லை என்று எழுத
கை வருகிறது எனக்கு.
அப்படி எழுதினால்
உங்கள் ஆண்டறிக்கைக்கும் பொருந்தும்.
ஆனால் மறுமாதம் சூளையடியில் உட்கார்ந்து
செங்கல் எண்ணியவள் அவள்தான்:
இருபத்தோராயிரத்து நூற்றெட்டு.
உடைந்ததைச் சேர்க்கவில்லை.

உங்கள் பணம் வரும் முன்பே
செங்கல் வெந்து ஆறிவிட்டது.
படிவத்தில் 'சமூகத்தின் பங்களிப்பு' என்ற கட்டம்
என் கட்டைவிரல் அகலம்.
"செங்கல்" என்று மட்டும் எழுதினேன்.
இரவெல்லாம் சூளைக்கு விறகு தள்ளிவிட்டு
காலையில் புகையிலைக் கொல்லைக்குக் கூலிக்குப் போன
நியாம்ஹாங்கோவை
அதற்குள் எப்படி மடித்து வைப்பது?

பணம் தகரமானது, சிமெண்டானது,
ஆறு கதவானது.
கடைக்காரன் ஆறு தாழ்ப்பாள் எடுத்து வைத்தான்.
தச்சன் எங்கே அடிப்பது என்று கேட்டான்.
அதற்கு ஒரு கூட்டம், இரண்டு மணி நேரம்.
ஊர்த்தலைவர் எழுந்து,
பெண்பிள்ளைகள் உள்ளே தாழிட்டுக்கொண்டால்
நாம் எப்படிக் கண்காணிப்பது என்றார்.
பலர் தலையாட்டினார்கள்,
என் கணவரும்.

டெம்வனானி பின்வரிசையில் இருந்தாள்.
"வாளி எவ்வளவு உயரம், தெரியுமா?"
என்று கேட்டாள்.
யாரும் பேசவில்லை.
முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.
"அந்த இடத்தில் ஒன்று வேண்டும்.
மேலே ஒன்று."

கூட்டம் அத்துடன் கலைந்தது.
கதவுக்கு இரண்டு, ஆறு கதவு.
கூடுதல் ஆறுக்கான தொகையை
பெயர்ப்பலகைக்கு ஒதுக்கியதில் எடுத்தோம்.
பலகையில் வரவேண்டியது உங்கள் பெயர்.
மன்னிக்க வேண்டும்.

மீதி ஆயிரத்து முந்நூற்றைம்பது க்வாச்சா.
திருப்பி அனுப்பலாம் என்று போனால்
அனுப்பும் கூலி அதைவிட அதிகமாம்.
எந்தத் தலைப்பில் எழுதட்டும், சொல்லுங்கள்.
அதுவரை மூன்று பூட்டுக்குள் இருக்கும்.

பயனாளிகள் சிரிக்கும் படமும் கேட்டிருந்தீர்கள்.
சங்கத்துத் தொலைபேசியோடு
நேற்று மாலை விடுதிக்குப் போனேன்.
மழை விட்டு வெளிச்சம் வருமென்று காத்திருந்ததில்
பிள்ளைகள் தாழிட்டுவிட்டார்கள்.
தட்டினேன்.
"யார்?"
நான்தான், நியாகும்வெண்டா, செயலாளர் என்றேன்.
உள்ளே ஏதோ கிசுகிசுத்தார்கள்.
அப்புறம் ஒரு குரல், மரியாதையாகத்தான்,
"நாளைக்கு வாருங்கள், அம்மா" என்றது.

மூடிய கதவின் படம்
இத்துடன் இணைத்திருக்கிறேன்.