கடைசி ஜோடி

டர்பன், 1986

பீன்ஸில் ஆரம்பிக்கிறது.
சிவப்பு பீன்ஸின் சாறு ஒரு சொட்டு விழுந்ததும்
சோதனைக்குழாயில் தூங்கிய வெள்ளையணு
விழித்து, இரண்டாகப் பார்க்கும்.
மூன்று நாள் உடம்புச் சூட்டில் அடைகாக்கிறேன்.
மத்தியானம் நான் தின்பதும் அதே பீன்ஸ்தான்,
கிரே தெரு பன்னி சௌ,
அரை ரொட்டியின் வயிற்றைக் குடைந்து ஊற்றியது.

அப்புறம் நஞ்சு.
காந்தள் கிழங்கில் இருக்கிறதே, அந்த ஜாதி.
பிரியக் கிளம்பிய அணுவை
நடுவழியில் நிறுத்திவைக்கும்.
பஸ் வராத நிறுத்தத்தில்
ஊதா உடுத்தி நிற்கும் நாற்பத்தாறு பேர்.

படம் பிடித்துக் கழுவிக்
கத்தரியை எடுப்பேன்.
நீளம் பார்த்து, இடுப்பு பார்த்து, பட்டை பார்த்து
ஜோடி சேர்த்து ஒட்டுவது என் உத்தியோகம்.
இருபத்திரண்டு ஜோடியில் வம்பில்லை.
தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று,
அச்சாய்ப் பொருந்திப் போகும்.
கடைசி ஜோடிதான்.
இரண்டு எக்ஸ் என்றால் பெண் என்று எழுது,
எக்ஸோடு குட்டை ஒய் என்றால் ஆண் என்று எழுது.
பதினோரு வருஷம் அப்படித்தான் எழுதினேன்.

படிவத்தில் இரண்டு கட்டம்.
இனம் என்ற கட்டத்தை
வாசலிலேயே முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள்.
எத்தனை ஆயிரம் படம் வெட்டியும்
அந்தக் கட்டத்துக்கான துண்டு
என் மேசையில் ஒருநாளும் விழுந்ததில்லை.
பால் என்ற கட்டத்துக்காவது
என்னிடம் துண்டு உண்டு என்று நம்பியிருந்தேன்.

லோகாம்பாள். பத்தொன்பது. ஃபீனிக்ஸ்.
ஜேக்கப்ஸில் சட்டைக் கம்பெனியில் கட்டர்.
இன்னும் வயதுக்கு வரவில்லை என்று
டாக்டரின் கோழிக்கிறுக்கல்.

முடிவு கேட்க வந்தவள் கதவு மாறி
என் அறைக்குள் வந்துவிட்டாள்.
மேசையில், பசை காயாமல், அவளே கிடந்தாள்.
பெயர் ஒட்டியிருந்ததை மறைக்க எனக்குத் தோன்றவில்லை.
ஆங்கிலத்தில்தான் பேசினாள், அண்ணா மட்டும் தமிழ்.
"வெட்டு சுத்தமாக இருக்கிறது, அண்ணா.
கடைசியில் ஒரு கை மட்டும் ஏன் குட்டை?"

டாக்டர் சொல்வார் என்றேன்.
எனக்கு அதிகாரம் இல்லை.

ஆறு வாரம் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே வரைவு.
அதன்பிறகு அந்தக் குட்டையனில் எங்கிருந்தோ
ஒரு கட்டளை கிளம்புகிறதாம்.
எந்த இடம் என்று
இன்னும் யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை.
அவளுக்குள்ளும் கிளம்பியது.
விரை உருவாகி, அடிவயிற்றில் ஒளிந்து,
தன் பங்குக்கு ஹார்மோனில் கூவியது.
கேட்கும் காதுதான் இல்லை.
காதின் குறிப்பு எழுதியிருப்பது எக்ஸில்,
அம்மா தந்ததில், ஓர் எழுத்துப் பிழையோடு.
இன்னொரு கட்டளை மட்டும் தப்பாமல் கேட்டது:
கர்ப்பப்பை வேண்டாம்.
மற்றபடி தோளும் மார்பும் குரலும்
தம்பாட்டுக்குப் பெண்ணாய் வளர்ந்து
ஐந்தரை பஸ் பிடித்து
ஒரு வெட்டில் நாற்பது காலர் அறுக்கப் போயின.

என் கத்தரியை எடுத்து
கட்டைவிரலால் முனை பார்த்தாள்.
"மொட்டை" என்றாள்.
வைத்துவிட்டு, சரியான கதவுக்குப் போனாள்.

நாற்பத்தாறு, எக்ஸ் ஒய் என்று தட்டச்சடித்தேன்.
பால் என்ற கட்டத்தில்
பதிவு நர்ஸ் நீல மையில் பெண் என்று எழுதியிருந்தாள்.
மாறினால் அடித்துத் திருத்துவது இங்கே வழக்கம்.
பேனா மூடியைத் திறந்தேன்.
மூடினேன்.

டாக்டர் எவ்வளவு சொன்னார், தெரியாது.
அடுத்த வியாழக்கிழமை கவுண்டரில் ஒரு பொட்டலம்.
உள்ளே ஏழு அங்குலக் கத்தரி,
கைப்பிடியில் கம்பெனி முத்திரை.
சீட்டு எதுவும் இல்லை.

நன்றாக வெட்டுகிறது.