நாலெட்டு கிழக்கே

அக்டோபர் கடைசியில் பர்னவுல் அலுவலகத்திலிருந்து கடிதம்:
பனி அளக்கும் கம்பம் கொட்டகையின் காற்று மறைவில் நிற்கிறது,
நாலெட்டு கிழக்கே தள்ளி நடவும்.
எசென் கடப்பாரை போட்டான். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.
மண் இறுகுமுன் முடிந்தது வேலை.
யாருக்கும் சொல்லவில்லை.
சொல்ல இந்த அல்தாய் மலையில் யார் இருக்கிறார்கள்,
ஏரியையும் எங்கள் இருவரையும் விட்டால்?

இருந்தது ஒன்று.
கெத்ரோவ்கா. காக்கைக்குப் பங்காளி.
பழுப்பு உடம்பெல்லாம் சுண்ணாம்பு தெறித்த புள்ளி.
ஆகஸ்டு முழுக்க
நாவடிப் பையில் பைன் விதைகளை அடைத்து வந்து
ஐந்தும் பத்துமாய் மண்ணில் செருகி
பாசியால் மூடிக்கொண்டிருந்தது, என் ஜன்னலுக்கு நேரே.
கம்பம், கரடிமுதுகுப் பாறை, கொட்டகை மூலை:
அவ்வளவுதான் அதன் பட்டாவும் பத்திரமும்.

ஜனவரி. இடுப்பளவு பனி.
காலை எட்டு மணிப் பதிவுக்குப் போனவள் பார்த்தேன்.
சாய்வாகச் சுரங்கம் தோண்டி உள்ளே போகிறது,
வால் மட்டும் வெளியே.
வெறும் வாயோடு திரும்புகிறது.
இன்னொரு சுரங்கம். அதுவும் வெறும் வாய்.
மூன்றாவது குழியருகே நின்று
ஜன்னலைப் பார்த்தேன், கம்பத்தைப் பார்த்தேன்,
காலால் அளந்தேன்.
நாலெட்டு கிழக்கே.

ஒரு விதையும் எடுக்காமல்
களஞ்சியத்தையே களவாடியிருந்தோம்.

அது என்ன செய்தது தெரியுமா?
எழும்பிப் போய்ப் பாறைமேல் உட்கார்ந்தது.
தலையை இப்படிச் சாய்த்து, அப்படிச் சாய்த்து
ஒரு சாட்சி பிறழ்ந்தால் மறு சாட்சியை விசாரிப்பதுபோல
பாறையைக் கேட்டது, கொட்டகை மூலையைக் கேட்டது.
இறங்கியது. தோண்டியது.
ஜன்னலுக்கு நேரே.
பிறகு கம்பத்தின் உச்சியிலேயே உட்கார்ந்து தின்றது,
தோலை என் சிவப்புப் பட்டைகளின்மேல்
துப்பித் துப்பி.

பிப்ரவரிப் புயலில்
நீட்டிய கை தெரியவில்லை எனக்கு.
கம்பத்திலிருந்து பதினேழு எட்டு,
வலப்பக்கம் திரும்பினால் கதவு:
ஆறு குளிர்காலமாய்க் கால் போட்ட கணக்கு.
பதினேழு வைத்தேன். திரும்பினேன்.
கதவில்லை.
கையுறையில் காற்று மட்டும் வந்து மோதியது.
போய் உட்கார்ந்து கேட்க
எனக்கொரு பாறை இல்லை.
முழங்கால் விறகு அடுக்கில் இடித்தபோதுதான்
எசெனின் கடப்பாரைச் சத்தம் நினைவில் கேட்டது.
ஒன்று. இரண்டு.
வாய்விட்டு எண்ணினேன் மேற்கே,
மூன்று,
நான்கு.

எசென் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான்.
"தாமதம்" என்றான்.
"கதவு நகர்ந்துவிட்டது" என்றேன். சிரித்தான்.
இமையில் உறைந்திருந்த பனி உருகி
பதிவேட்டின்மேல் சொட்டியது.
பனி ஆழம்: நூற்றுப் பதினாறு சென்டிமீட்டர்.
காற்று: வடமேற்கு.
குறிப்பு என்ற கட்டத்தில்
எழுத ஒன்று இருந்தது.
எந்த அலகில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.